ஈ என்று எழுதினால் ஆராய்ச்சி ஆகாது

சேலத்தில் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பதினான்கு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் அன்புச்செல்வி. பெயரில் இருக்கிற அன்பைக் கடைக்குள் எதிர்பார்க்க வேண்டாம். பிஎச்.டி. படிக்க வருகிறவர்கள் முதலில் ஓர் ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் பாஷையில் ப்ரபோசல். நான் இன்னதை ஆராயப்போகிறேன், அது ஏன் முக்கியம், எப்படிச் செய்வேன் என்று மூன்று பேர் கொண்ட குழுவை நம்பவைக்கிற தாள் அது. அதை டைப் அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

நம்பவைப்பது என்று சும்மா சொல்கிறேன். எல்லா ப்ரபோசலும் "இன்றைய உலகமயமாதல் சூழலில்" என்று தொடங்கி, "இவ்வாய்வு சமூகத்திற்குப் பெரிதும் பயன்படும்" என்று முடியும். நடுவில் இருப்பது எழுதியவருக்கும் தெரியாது, கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியாது. ஒருமுறை மரவள்ளிக்கிழங்கு விவசாயம் பற்றிய ப்ரபோசலுக்குள் இளம்பிள்ளை ஊர்ப் பட்டுச்சேலை பற்றிய நான்கு பக்கம் சேர்ந்துபோய்விட்டது. என் தப்புதான், பைண்டிங் போட்ட பிறகுதான் பார்த்தேன். பயந்துகொண்டே இருந்தேன். குழு பாராட்டி அனுமதி கொடுத்துவிட்டது. கிழங்குக்காரர் இப்போது டாக்டர்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மஞ்சுளா வந்து சேர்ந்தாள். நாமக்கல் தாண்டி பொன்னங்காட்டூர். ஊர்ப் பெயர் நான் வைத்தது. நிஜப் பெயரைச் சொல்லக்கூடாது, ஏன் என்பது பின்னால் தெரியும். அப்பா சின்னண்ணன் போர் போடும் ரிக் லாரியில் வேலை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று நாடு முழுக்கத் துளை போட்டுவிட்டு நோம்பிக்கு நோம்பி, பண்டிகை நாளில் மட்டும், வீட்டுக்கு வருவார். அம்மா பாவாயி, ஊரை ஒட்டியிருக்கும் சென்னிமலை என்பவரின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறார். அக்கா தனப்பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வருடக்கணக்காக.

முதல் நாள் கடைக்கு வந்தபோது அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள், போகட்டும். டம்ளர் கைக்கு வந்ததும் உள்ளங்கையால் அதன் வாயை மூடிக்கொண்டாள். ஒரு மடக்கு குடித்தாள், மறுபடியும் மூடினாள்.

"ஏம்புள்ள, டீ எந்திரிச்சு ஓடியா போயிரும்?"

"பழக்கமுங்கக்கா" என்று சிரித்தாள்.

அவள் கொண்டுவந்த ப்ரபோசல் கையால் எழுதிய ஆறு பக்கம். தலைப்பு, "கோழிப்பண்ணையை ஒட்டிய ஊரில் ஈத்தொல்லை". படித்துப் பார்த்தேன். ஆமாம், படித்தேன். சின்ன வாக்கியம், புரிகிற விஷயம். பண்ணையில் கூண்டுக்கு அடியில் எரு குவிகிறது, மழை பெய்தால் எருவில் ஈ பெருகுகிறது, ஊருக்குள் பகலிலேயே கொசுவலை கட்டி அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்த வீட்டில் எவ்வளவு ஈ, எந்த மாதத்தில், என்ன செய்தால் குறையும் என்பதை அளக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாள். உலகமயமாதல் இல்லை. இந்தப் பெண் உருப்படாது என்று அப்போதே நினைத்தேன்.

அவளுடைய கைடு சபரிநாதன் சார். நல்ல மனுசன், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அவர் மனைவியின் அண்ணனுக்கு நாமக்கல் பக்கம் மூன்று கோழிப்பண்ணை. வாரம் தவறாமல் ஓர் அட்டை முட்டை பஸ்ஸில் வந்து இறங்கும். இதற்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"ஈன்னெல்லாம் எழுதக்கூடாதும்மா" என்றாராம். "ஆராய்ச்சின்னா அதுக்கு ஒரு கனம் வேணும். கோழிங்கறதும் கொஞ்சம் உறுத்துது."

அவர் திருத்திக் கொடுத்த தலைப்பை நான்தான் டைப் அடித்தேன். "நாமக்கல் வட்டாரப் பறவைசார் தொழில்முனைவும் சுற்றுப்புறப் பூச்சியியல் பரிமாணங்களும்: ஒரு பன்முகப் பார்வை." முப்பது பக்கத்தில் ஈயும் இல்லை, கோழியும் இல்லை. மூன்றாவது பக்கத்தில் உலகமயமாதல் வந்துவிட்டது.

முதல் கூட்டம் நடந்தது. மூன்று பேரில் ஒருவர் சபரிநாதன் சார். இன்னொருவர் துறைத்தலைவர், அவர் கூட்டத்துக்கு வருவதே ஓய்வெடுக்கத்தான். மூன்றாவது ஆள், வெளியிலிருந்து வரும் நிபுணர் குருமூர்த்தி. புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரைச் சொன்னால் ஆராய்ச்சி மாணவர்கள் ஓடி ஒளிவார்கள். எனக்கு அவரை வேறு விதத்தில் தெரியும். திருத்தம் போட்டு அவர் அனுப்பும் பிரதிகள் என் கடைக்குத்தான் வரும். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையும் ஊறிப்போய் சுருண்டிருக்கும். ஆள்காட்டி விரலை நாக்கில் ஒரு தொடு தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். ஒரு நிபுணராவது பக்கம் புரட்டுகிறாரே என்று அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

"பூச்சியியல் பரிமாணம்னா என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஈங்க சார்" என்றிருக்கிறாள் மஞ்சுளா. துறைத்தலைவர் கண் விழித்துச் சிரித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாராம்.

"ஈ இருக்குன்னு யாரு சொன்னா?"

"ஊருக்கே தெரியுமுங்க சார்."

"ஊருக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? எனக்குத் தெரியணுமே. தரவு எங்க?"

தரவு என்றால் எண்ணிக்கை, ஆதாரம், சாட்சி. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள்.

மஞ்சுளா என் கடையில்தான் வினாப்படிவம் அடித்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு தாள், மொத்தம் அறுபது. பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும். பத்து கேள்வி. நான்காவது கேள்விதான் முக்கியம்: "உங்கள் வீட்டில் ஈத்தொல்லை உண்டா?" ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் ஓட்டை போட்டு வெள்ளை நூல் கோத்தாள். நம் ஊரில் பரீட்சைத் தாளை நூலால் கட்டிக் கட்டி வளர்ந்த கை, வேறு என்ன செய்யும்?

"இதெதுக்குடி? ஒத்தைத் தாளு, கட்ட என்ன இருக்கு?"

"ஆணியில மாட்டி வெப்பாங்கக்கா, தொலையாது. பண்ணையில ஷிப்டு மாறி மாறி வேலை. குடுத்துட்டு வந்து பத்து நாள் கழிச்சு வாங்கிக்கறேன்."

அப்படியே கொடுத்துவிட்டு வந்தாள். அறுபது வீட்டிலும் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தார்கள். பத்து நாள் கழித்து அறுபதும் திரும்பி வந்தன. ஒரு தாள் தொலையவில்லை, ஒரு கேள்வி விடுபடவில்லை. நான்காவது கேள்விக்கு ஐம்பத்தொன்பது வீடுகளில் "இல்லை" என்று எழுதியிருந்தது. சடையன் என்ற ஒரே ஒரு பெரியவர் மட்டும் "அவ்வளவாக இல்லை" என்று எழுதியிருந்தார். பொன்னங்காட்டூரின் மாபெரும் புரட்சிக்காரர் அவர்தான்.

வேறு யாராக இருந்தாலும் அந்தத் தாள்களை அடுப்பில் போட்டுவிட்டு, "உண்டு" என்று அறுபது தடவை தானே எழுதியிருப்பார்கள். அப்படி எழுதிய ஆட்களை எனக்குத் தெரியும், பேனா கூட என் கடைப் பேனாதான். இந்த மகராசி மட்டும் உள்ளதை உள்ளபடி அட்டவணை போட்டு இரண்டாவது கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

குருமூர்த்தி சார் அட்டவணையைப் பார்த்தார். "பிரச்சினையே இல்லாத இடத்துல எதுக்கும்மா ஆராய்ச்சி?"

"பிரச்சினை இருக்குதுங்க சார். எழுதத்தான் மாட்டேங்கறாங்க."

"அறுபது வீடும் ஒரே பதில்னா, ஒண்ணு ஊரே பொய் சொல்லணும், இல்லாட்டி நீயே ரூம்ல உக்காந்து எழுதியிருக்கணும். ரெண்டுல எது? அடுத்த தடவை வரும்போது மூலப் படிவங்களைக் கொண்டு வா. என் கண்ணால பாக்கணும்."

அடுத்த தடவை என்றால் கடைசித் தடவை. மூன்று முறை திருப்பினால் பதிவு ரத்து. அவளுடைய எம்.ஏ. தங்கப்பதக்கத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், அம்மாவோடு சேர்ந்து முட்டை பொறுக்க வேண்டியதுதான். அதுவும் அதே ஈக்களுக்கு நடுவில். சபரிநாதன் சார் வெளியே வந்து, "கவலைப்படாதம்மா, நம்ம தலைப்புல ஒரு 'முழுமைசார்'னு சேத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னாராம்.

கடைக்கு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும்.

"அக்கா, எங்கம்மாவும் இல்லைன்னுதான் எழுதியிருக்குது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெத்த தாய்! ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அவளோடு பொன்னங்காட்டூருக்கு பஸ் ஏறினேன். மூலப் படிவங்கள் அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன. அவற்றை எடுத்து வர வேண்டும், போகிற போக்கில் பாவாயி அக்காவை நாலு கேள்வி கேட்கவும் வேண்டும் என்றுதான் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோதே தோளில், நெற்றியில், வாயோரத்தில் உட்கார்ந்தன. ஊரில் யாரும் சும்மா நின்று பேசவில்லை. எல்லோருடைய வலது கையும் முகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டே இருந்தது. கை ஆடுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பாவாயி அக்கா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சாமி, உள்ள வாங்க. எத்தன தூரத்துல இருந்து வாரீங்க! வலைக்குள்ள உக்காந்துக்குங்க, சோறு போடறேன்."

நடுவீட்டில் கொசுவலை கட்டியிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு, சேலத்துக்காரி ஒருத்தி வலைக்குள் சம்மணம் போட்டு உட்கார, வலையின் ஓரத்தை ஒரு சாண் தூக்கி, தட்டைச் சரேலென்று உள்ளே தள்ளிவிட்டு மூடினார்கள். சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு. குழம்பு அருமை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அக்கா, ஈத்தொல்லை உண்டான்னு கேட்டதுக்கு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமாங்க." துண்டை வீசிக்கொண்டே சொன்னார். "இல்லீங்களே."

"அப்போ இது என்னங்கக்கா?"

"இது ரண்டு நாளா மழைங்க. அதான் கொஞ்சம் வந்துருக்குது."

மஞ்சுளாவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா! பொய் எழுதிக் குடுத்து என்ற படிப்புல மண்ணைப் போட்டுட்டியே! நீயாச்சும் நெசத்தை எழுதியிருக்கக்கூடாதா?"

பாவாயி அக்காவின் துண்டு நின்றது. "தனத்தைப் பாக்க நாலு எடத்துல இருந்து மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை வந்தாங்க. ஒருத்தரு பச்சத்தண்ணி பல்லுல படாம எந்திரிச்சுப் போனாங்க. கடைசியா வந்தவங்க காப்பி டம்ளர்ல உழுந்ததைப் பாத்தாங்க. அந்தம்மா மூஞ்சி போன போக்கை நானல்ல பாத்தேன்? போனவங்க போனவங்கதான். பண்ணைக்காரருக்குப் பயந்துட்டு இல்லைன்னு எழுதுனோம்னு நெனச்சியா? அதுவுந்தான். ஆனா ஈ மொய்க்கற ஊருன்னு எழுத்துல ஏறிப்போச்சுன்னா, இந்த ஊருல ஆரு பொண்ணு எடுப்பா, ஆரு பொண்ணு குடுப்பா? நீ டாக்டராயிப் போயிருவ. நாங்க இங்கதான கெடக்கோணும்?"

"என்னைய எதுக்கும்மா நடுவுல இழுக்கற?" என்று சொல்லிவிட்டு தனப்பிரியா பின்பக்கம் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது.

வெட்கமாக இருந்தது. வலைக்கு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான், வெளியே நின்று பரிமாறுகிறவர் அவர். அவரைப் பார்த்து உண்மை பேசக்கூடாதா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். மஞ்சுளா டிரங்குப் பெட்டியிலிருந்து படிவக் கட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். மூலப் படிவங்கள் குருமூர்த்தி சாருக்கு, மற்ற இருவருக்கும் ஜெராக்ஸ். முதல் தாளைப் போட்டேன், நகல் முழுக்கக் கரும்புள்ளி. சனியன் பிடித்த மெஷின் என்று திட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். அடுத்த தாளைப் போட்டேன், மறுபடியும் புள்ளி. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மூன்றாவது தாளைப் போட்டேன், அதிலும் புள்ளி. டிரம் போய்விட்டது, இன்றைக்குப் பொழுது போச்சு என்று சர்வீஸ்காரருக்குப் போன் போட எடுத்தேன். அப்போதுதான் மூன்று நகல்களையும் சேர்த்துப் பார்த்தேன்.

ஜெராக்ஸ் தொழிலில் முதல் பாடம் இது. கண்ணாடியில் அழுக்கு என்றால் எல்லா நகலிலும் ஒரே இடத்தில் புள்ளி விழும். தாளுக்குத் தாள் இடம் மாறினால் மெஷின் மேல் தப்பில்லை, மூலத்தில்தான் இருக்கிறது. இங்கே தாளுக்குத் தாள் வேறு வேறு இடம், வேறு வேறு எண்ணிக்கை. ஒரு மூலப் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் இருந்தது. நூல் கட்டிய மூலையில் இன்னும் அதிகம்.

"மஞ்சு, இதென்னடி இத்தனை புள்ளி?"

அவள் எட்டிப் பார்த்தாள். "எதுங்கக்கா?"

"இதுடி. இந்தக் கருப்பு."

"அதா... தாள்னா புள்ளி இருக்குமல்லங்கக்கா?"

இருபத்தைந்து வயசுப் பெண். காலண்டர், ரேஷன் கார்டு, பாடப்புத்தகம், பத்திரிகை என்று அவள் கண்ட தாளில் எல்லாம் அந்தப் புள்ளி இருந்திருக்கிறது. என் கடையில் இருந்து கட்டு பிரிக்காத புதுத் தாள் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது... ஈயோட எச்சமுங்கக்கா" என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக, "அக்கா! பத்து நாளு ஆணியில தொங்குச்சுங்கக்கா!" என்றாள். கடையில் நின்றிருந்த எம்.பி.ஏ. மாணவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கே நூலகத்துக்கு ஓடினாள். கோழிப்பண்ணைகளில் வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டு, அதில் விழும் ஈ எச்சத்தை வாரா வாரம் எண்ணிப் பார்ப்பது என்று ஒரு முறையே இருக்கிறதாம். தொங்குகிற நூலும் விளிம்பும் ஈக்கு ரொம்பப் பிடித்த இடமாம். வெள்ளைக்காரர்கள் அதைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இவள் பரீட்சைத் தாளுக்கு நூல் கட்டுகிற பழக்கத்தில் அதைச் செய்துவிட்டு, செய்தது தெரியாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. குண்டூசி முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணினாள். பண்ணையை ஒட்டிய தெருவில் தாளுக்குச் சராசரி நானூறு, ஒரு கிலோமீட்டர் தள்ளிய தெருவில் அறுபது. ஒப்பிட்டுப் பார்க்க என் கடையிலும் ஒரு தாளை நூல் கட்டிப் பத்து நாள் தொங்கவிட்டாள். ஏழு புள்ளி. அந்த ஏழையும் ப்ரபோசலில் போட்டுவிட்டாள். என் கடையில் ஈ இருக்கிறது என்று எழுத்தில் ஏற்றுகிறாயா என்று சண்டைக்குப் போனேன். சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே பாவாயி அக்கா ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

புது ப்ரபோசலின் முதல் மூன்று வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம். "ஓர் ஊரில் அறுபது வீடுகளிடம் ஈ உண்டா என்று கேட்டேன். அறுபது வீடும் இல்லை என்றது. அறுபது தாளும் உண்டு என்றது."

"உலகமயமாதல் எங்கடி?" என்றேன்.

"வேண்டாமுங்கக்கா."

பதினான்கு வருடத்தில் உலகமயமாதல் இல்லாமல் நான் டைப் அடித்த முதல் ப்ரபோசல் அதுதான். அட்டையில் மட்டும் சபரிநாதன் சாரின் பறவைசார் பன்முகத் தலைப்பே இருந்தது. அதனால் அவர் உள்ளே புரட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்தத் துறையின் ப்ரொஜெக்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஜென்மப் பகை, சமாதானம் செய்துவைக்க என்னைக் கூப்பிடுவது வழக்கம். ஒயரைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன்.

மஞ்சுளா பேச வாயெடுத்தாள். குருமூர்த்தி சார் கையமர்த்தினார். "பேச்செல்லாம் அப்புறம். மூலப் படிவம்?"

படிவக் கட்டை அவர் முன்னால் வைத்தாள். முதல் தாளைப் பார்த்தார். விரலை நாக்கில் தொட்டார், புரட்டினார். "இல்லை." தொட்டார், புரட்டினார். "இல்லை." மறுபடி தொட்டார். "இதுவும் இல்லை." நான் மஞ்சுளாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "சார், அது வந்துங்க" என்று இரண்டு தடவை ஆரம்பித்தாள். "குறுக்க பேசாதம்மா, எண்ணிட்டிருக்கேன்" என்றார். பெரியவர்கள் பேச்சுக்கு மறுபேச்சு பேசாமல் வளர்ந்த பெண், நான் என்ன செய்ய? நாக்கு, தாள், நாக்கு, தாள் என்று நாற்பத்தொன்று வரைக்கும் போனார்.

"கையெழுத்து வேற வேறயாத்தான் இருக்கு. நீ எழுதலை, ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா என்னம்மா இவ்வளவு மட்டமான பிரிண்ட்? தாள் பூரா புள்ளியா இருக்கு. எந்தக் கடை?"

நான் ஒயரைக் கீழே போட்டேன். என் கடைப் பேரைச் சொன்னால் வந்தது வரட்டும் என்று வாயைத் திறப்பதற்குள் மஞ்சுளா முந்திக்கொண்டாள்.

"அது பிரிண்ட் இல்லீங்க சார். அதுதானுங்க தரவு."

"என்ன?"

"ஈயோட எச்சமுங்க சார். பத்து நாளு அவங்க ஊட்டுச் செவுத்துல தொங்குன தாளுங்க. நீங்க மொதத் தடவை தரவு எங்கன்னு கேட்டீங்க."

நாற்பத்திரண்டாவது தாளுக்காக எழுந்த விரல் நாக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. துறைத்தலைவர் முழுசாகக் கண் விழித்தார், அதை நான் முதல்முறை பார்த்தேன். சபரிநாதன் சார் கூரையைப் பார்த்தார். குருமூர்த்தி சார் அந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்தார், கைக்குட்டையைப் பார்த்தார், அதையும் மேஜை மேல் வைத்தார். எழுந்து வெளியே போனார். தாழ்வாரத்துக் குழாயில் வெகுநேரம் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். இங்கே அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். கோபித்துக்கொண்டு போகவில்லை. பேனா மூடியால் தாள்களைத் தள்ளித் தள்ளி, முதலில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பல்லி எச்சத்தை எப்படிப் பிரித்தாய், எந்த வீடு எவ்வளவு தூரம், சமையலறையில் மாட்டியது எத்தனை என்று நிஜமான கேள்விகளாகக் கேட்டார். அவள் நிஜமான பதில்களாகச் சொன்னாள். பிறகு ஒரு தாளில் நிறுத்தினார்.

"பதினேழாம் நம்பர். இதுல எழுத்தை விடப் புள்ளி அதிகமா இருக்கு. ஆனா 'இல்லை'ன்னு நல்லா அழுத்தி எழுதி, அடியில கோடு வேற போட்டிருக்காங்க. யாரு வீடு இது?"

மஞ்சுளா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்க ஊடுங்க சார். எங்கம்மா எழுதுனது."

"உங்கம்மாவா? அவங்க ஏன்..."

"ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை தண்ணி குடிக்காமப் போறாங்க சார். எங்கக்காவை நாலு தடவை பாத்துட்டுப் போயிட்டாங்க. இருக்குதுன்னு எழுதறதுக்கு எங்கம்மாவுக்கு..." அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. அந்த அறையில் ஈ கிடையாது.

குருமூர்த்தி சார் பேனாவை எடுத்து அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அட்டையைத் திருப்பித் தலைப்பை வாய்விட்டுப் படித்தார். பாதியிலேயே நிறுத்தி முழுசையும் அடித்தார். "ஈயைப் பத்தி ஆராய்ச்சின்னா ஈன்னு எழுத வேண்டியதுதானேம்மா? இதென்ன பன்முகம்?"

"அதைத்தான் சார் நானும் முதல்லயிருந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார் சபரிநாதன் சார்.

வெளியே வந்ததும் மஞ்சுளா அம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், எனக்கும் கேட்கவேண்டும் அல்லவா?

"ஒத்துக்கிட்டாங்கம்மா! பாஸு!"

"என்ற சாமி!" என்று அந்தப் பக்கம் ஒரு கூச்சல். பின்னால் கோழிகளின் சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டு பாவாயி அக்கா கேட்டார், "அந்தப் பெரிய சாரு ஊட்டுல ஈ இருக்காதல்ல? அப்பறம் எப்புடி நம்புனாரு?"

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். "ருசி பாத்துட்டாரும்மா" என்றாள்.

அது பாவாயி அக்காவுக்குப் புரியவில்லை, புரியவைக்க நாங்கள் இரண்டு பேரும் சிரித்து முடிக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. "ஏஞ்சாமி, அந்தப் பொஸ்தகத்துல நம்ம ஊருப் பேரு வருமா? தனத்தைப் பாக்க வர்றவங்க அதைப் படிச்சுப்போட்டா?"

ஊர்ப் பெயர் வராது, எண் மட்டும்தான் என்று மஞ்சுளா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வாங்கினேன். "அக்கா, நான் அன்புச்செல்வி பேசறேன். பேரு வந்தாலும் பயப்படாதீங்க. பதினாலு வருசமா டைப் அடிக்கறேன். இங்க எழுதுற ஆராய்ச்சியை அடிச்ச என்னைத் தவிர ஒருத்தரும் படிச்சதில்லை. உங்க சம்பந்தி வீட்டுக்காரங்க சத்தியமா படிக்கமாட்டாங்க."

பாவாயி அக்கா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது கேட்டது.

"ஆரும் படிக்கமாட்டாங்கன்னா, ஈ எப்புடிங்க சாமி போகும்?" என்று கேட்டார்.

கடையில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை மஞ்சுளாவிடம் கொடுத்தேன். கடையில் யாரும் இல்லை.